மவுண்ட் பிராக்கெட்: வாங்கலாமா, பிளேட் போடலாமா, நாமே பற்றவைக்கலாமா?

அண்ணன் மகன் போன மாதம் பழைய செவர்லே எஸ்-10 பிக்கப் ஒன்றை வாங்கிவிட்டான். 1991 மாடல், உள்ளே 4.3 லிட்டர் வி6. அதைக் கழற்றிவிட்டு, காயலான் கடையில் கிடைத்த 5.3 லிட்டர் வி8 எஞ்சினை உட்கார வைக்கப் போகிறான். "சித்தப்பா, மவுண்ட் பிராக்கெட்டை ரெடிமேடா வாங்கிடலாமா, இல்ல உங்களை மாதிரி நானே செஞ்சிடட்டுமா?" என்று கேட்டான். எஞ்சினை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்து நிறுத்தும் இரும்புத் துண்டுதான் மவுண்ட் பிராக்கெட். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது வீட்டு கராஜில் இதே வேலையில் இறங்குகிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். என் 1986 எஸ்-10 வண்டியில் இதே எஞ்சினை நானே பிராக்கெட் செய்து பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கேள்வி எழுவதற்கே காரணம் நான்கு துளைகள். செவர்லேயின் பழைய வி8 குடும்பமான ஸ்மால் பிளாக் 1955-ல் வந்தது. அதன் பக்கவாட்டில் மவுண்ட் பூட்ட முக்கோணமாக மூன்று போல்ட் துளைகள் இருக்கும். 1997-ல் கார்வெட்டில் வந்த எல்எஸ்1 எஞ்சினோடு தொடங்கிய புதிய தலைமுறைக்கு, அதாவது எல்எஸ் குடும்பத்துக்கு, பக்கத்துக்கு நான்கு துளைகள், எல்லாம் 10 மி.மீ. மெட்ரிக் போல்ட். சிலிண்டர் மையங்களுக்கு இடையிலான தூரம் இரண்டிலும் ஒன்றே, 4.4 அங்குலம். பின்னால் கியர் பாக்ஸ் பூட்டும் துளை வரிசையும் ஏறக்குறைய ஒன்றே. மவுண்ட் மட்டும்தான் சேராது. 1999 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் இதே குடும்பத்தின் வார்ப்பிரும்பு பிளாக் (எஞ்சினின் உடற்பகுதி) கொண்ட 4.8, 5.3 லிட்டர் எஞ்சின்கள் லட்சக்கணக்கில் வந்ததால், காயலான் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை இவைதான். ஆக, எஞ்சின் எளிது, கியர் பாக்ஸ் எளிது. சேசிஸையும் எஞ்சினையும் இணைக்கும் அந்த ஒரு சாண் இரும்பில்தான் எல்லோரும் நிற்கிறோம்.

எதை வாங்குவது என்று பேசுவதற்கு முன்னால் அந்த ஒரு சாண் இரும்பு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். எடையைத் தாங்குவது அதன் வேலையில் பாதிதான். வண்டி கிளம்பும்போது எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து, சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசைக்கு எதிர்த்திசையில் புரளப் பார்க்கும். என் எஞ்சினின் உச்ச முறுக்கு விசை சுமார் 450 நியூட்டன் மீட்டர். 4எல்60இ ஆட்டோமேடிக் கியர் பாக்ஸின் முதல் கியர் 3.06. பெருக்கினால் சுமார் 1,380 நியூட்டன் மீட்டர். மவுண்டின் நடுவே அதிர்வைத் தாங்கும் துண்டுக்குப் புஷ் என்று பெயர். இரண்டு பக்கத்துப் புஷ்களுக்கும் இடையே அரை மீட்டர் தூரம் என்றால், ஒரு பக்கம் மேலே இழுக்கும் விசை ஏறத்தாழ 280 கிலோ எடைக்குச் சமம். நின்ற இடத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் பகுதி) அதையும் இரட்டிப்பாக்கக்கூடும். ஒவ்வொரு பக்கத்து மவுண்டிலும் உட்காரும் எடை சுமார் 100 கிலோதான். மிச்சம் முழுவதும் எஞ்சினைச் சேசிஸிலிருந்து பிய்த்துத் தூக்கும் விசை. தூக்கப்படுவது இடது பக்கம், அதாவது இங்கே ஓட்டுநர் உட்காரும் பக்கம். ரிவர்ஸில் மட்டும் இது வலப்பக்கம் மாறும்.

இது ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் 67 லட்சத்துக்கு அருகே செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் மவுண்டில் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பர் ஒட்டப்பட்டிருந்தது. ரப்பர் விட்டுப்போனால் இடது பக்கம் எஞ்சின் எழும்பும். எழும்பும்போது ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிடும், பிரேக்குக்குப் போகும் வாக்குவம் குழாயும் பிடுங்கிக்கொள்ளலாம். எஞ்சினை எழவிடாமல் ஒரு இரும்புக் கயிற்றால் கட்டித்தான் சரிசெய்தார்கள். ரப்பர் அழிந்தாலும் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும்படி ஒன்றுக்குள் ஒன்று கோத்த மவுண்ட்கள் அதற்குப் பிறகு பரவலாயின. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்: புஷ் முழுதாக எரிந்துபோனாலும் எஞ்சின் அங்கேயே நிற்குமா? நிற்காது என்றால் அந்தப் பிராக்கெட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

முதல் வழி அடாப்டர் பிளேட். எல்எஸ் பிளாக்கின் நான்கு துளையில் ஒரு கனமான தகட்டைப் பூட்டினால், அதன் வெளிப்புறத்தில் பழைய மூன்று துளை அமைப்பு கிடைக்கும். பழைய மவுண்ட் அப்படியே அதில் ஏறும். வெல்டிங் இல்லை, சேசிஸில் கைவைப்பதும் இல்லை, ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். விலையும் குறைவு. ஆனால் வண்டியில் ஏற்கெனவே ஸ்மால் பிளாக் குடும்பத்து எஞ்சின் இருந்திருந்தால்தான் இது பலன் தரும். அண்ணன் மகனின் 4.3 வி6 அந்தக் குடும்பம்தான். ஸ்மால் பிளாக்கில் இரண்டு சிலிண்டரைக் குறைத்து உருவாக்கியது அது, மவுண்ட் துளையும் அதே மூன்று. என் வண்டியில் இருந்த 2.8 வி6 வேறு பரம்பரை. அதில் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே 60 டிகிரி, ஸ்மால் பிளாக் குடும்பத்துக்கு 90. அதனால் எனக்கு இந்தக் கதவு தொடக்கத்திலேயே மூடிவிட்டது.

கதவு திறந்திருக்கிறவர்களும் டேப்பை எடுத்து அளந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வி6-லிருந்து வி8-க்குப் போகும்போது பக்கத்துக்கு ஒரு சிலிண்டர் கூடுகிறது, அதாவது 11 சென்டிமீட்டர் நீளம். அந்த நீளம் ரேடியேட்டர் பக்கம் போகிறதா, ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்) பக்கம் போகிறதா என்பதைப் பழைய மவுண்டின் இடம்தான் தீர்மானிக்கும், நாம் அல்ல. இதற்காகவே எஞ்சினை முன்பின் நகர்த்தும்படி நீள்துளை போட்ட பிளேட்களும் விற்கிறார்கள். நிலையான துளை உள்ளதைவிடக் கொஞ்சம் விலை கூடினாலும் நீள்துளை உள்ளதையே வாங்குங்கள். எஞ்சினை வைத்துப் பார்த்து, ஃபயர்வாலுக்கும் விசிறிக்கும் இடைவெளி விட்டு, பிறகு முறுக்கலாம். நீள்துளையில் போல்ட்டின் இறுக்கம்தான் எல்லாம் என்பதால், 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை முறுக்கு விசைக் கருவி வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, அந்தந்த வண்டிக்கென்றே செய்து விற்கும் முழுக் கிட். சேசிஸ் பக்கத்துத் துண்டு, எஞ்சின் பக்கத்துத் துண்டு, புஷ், போல்ட் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். எஸ்-10 மாதிரி ஆயிரம் பேர் செய்து பார்த்த வண்டிக்கு இது நல்ல வழி. யாரோ ஒருவர் ஸ்டியரிங் ஷாஃப்ட் எங்கே இடிக்கும், எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப் எங்கே தட்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டதற்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிட் செய்தவர் ஒரு குறிப்பிட்ட சம்ப், ஒரு குறிப்பிட்ட எக்சாஸ்ட் மேனிஃபோல்ட், ஒரு குறிப்பிட்ட கியர் பாக்ஸ் கிராஸ் மெம்பர் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) ஆகியவற்றை மனதில் வைத்துத்தான் அளவெடுத்திருப்பார். பிக்கப் எஞ்சினோடு வரும் ஆழமான சம்ப் எஸ்-10-இன் கிராஸ் மெம்பரோடு ஒத்துப்போகாது. பலர் செவர்லே கமாரோ காரின் சம்ப்பை வாங்கி மாற்றுவார்கள். ஏசி கம்ப்ரெஸ்ஸர் வலப்பக்கம் கீழே தொங்குவதால் சேசிஸில் இடிக்கும், அதற்கும் வேறு பிராக்கெட். ஒரு கிட்டை வாங்கியதும் அதன் கூட்டாளிகளை ஒவ்வொன்றாக வாங்க வேண்டிவரும். பெட்டியின் விலையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

மூன்றாவது, நாமே செய்வது. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

பலர் பிராக்கெட்டை வரைந்து, வெட்டி, பிறகு எஞ்சினை அதன்மேல் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழ். எஞ்சின் முதலில் தன் இடத்தில் அந்தரத்தில் நிற்க வேண்டும், அதற்கும் சேசிஸுக்கும் இடையே மிச்சமிருக்கும் வெற்றிடத்தின் வடிவம்தான் பிராக்கெட். நான் எஞ்சினை கிரேனில் தொங்கவிட்டு, கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சம்ப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே மரக்கட்டை செருகி இரண்டு வார இறுதிகள் வெறுமனே நகர்த்திக்கொண்டே இருந்தேன். ஃபயர்வாலில் விரல் நுழைய வேண்டும், பானெட் மூட வேண்டும், ஸ்டியரிங் ஷாஃப்ட் முழுதாகத் திரும்ப வேண்டும், ஸ்டார்டர் மோட்டாரை எஞ்சினை இறக்காமல் கழற்ற முடிய வேண்டும். கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் மறக்கிறார்கள்.

அடுத்து சாய்வு. வண்டி நான்கு சக்கரத்திலும் தன் எடையில் நிற்கும்போது, எஞ்சினின் பின்பக்கம் சுமார் 3 டிகிரி கீழே சாய்ந்திருக்க வேண்டும். பின் ஆக்சிலின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் பற்சக்கரம்) அதே அளவு எதிர்ப்பக்கம், அதாவது முன்முகம் மேல்நோக்கி இருந்தால், கியர் பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் அந்த ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள மடங்கு இணைப்புகளான யுனிவர்சல் ஜாயிண்ட்களும் ஒன்றின் அதிர்வை மற்றொன்று ரத்து செய்துகொள்ளும். இரண்டு கோணங்களுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும். ஷாஃப்ட் முழுக்க நேராக இருந்தாலும் ஆகாது. ஜாயிண்டின் ஊசி பேரிங்குகள் கொஞ்சமாவது உருள வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழும். ரசமட்டமும் கோணமானியும் கையில் இல்லாமல் டாக் வெல்டுகூட (தற்காலிகமாகப் பிடிக்கவைக்கும் சின்ன வெல்டு) அடிக்காதீர்கள்.

இடம் முடிவானதும் அட்டை. தானியப் பெட்டி அட்டையை வெட்டி, மடித்து, டேப் ஒட்டி ஒரு பொம்மைப் பிராக்கெட் செய்து வைத்துப் பாருங்கள். அதை விரித்து 6 மி.மீ. இரும்புத் தகட்டில் வரைந்தால் போதும். எஞ்சின் பிளாக்கோடு ஒட்டும் தகட்டுக்கு மட்டும் 10 மி.மீ. எடுத்தேன், துளைகளைச் சுற்றி வளையாமல் இருக்க. பக்கவாட்டில் முக்கோணத் தாங்கல் கொடுங்கள். தகடு மடங்குவதில்லை, ஆனால் பக்கவாட்டில் அசையும். அந்த அசைவுதான் சில வருடத்தில் வெல்டின் ஓரத்தில் விரிசலாக வரும்.

தகடா, குழாயா என்று இன்னொரு கேள்வி உண்டு. 1.75 அங்குலக் குழாய், 3 மி.மீ. சுவர், முனையில் புஷ் போடும் கூடு என்பது அழகான வழி. எடை குறைவு, எக்சாஸ்ட் குழாய்க்கு இடம் கிடைக்கும், முறுக்குக்கும் நன்றாக நிற்கும். ஆனால் குழாயின் முனையை மற்றதன் வளைவுக்கு ஏற்பக் குடைந்து வெட்டும் கருவி வேண்டும். கிரைண்டரில் கண் அளவாகக் குடைந்தால் இடைவெளி விழும், அதை வெல்டால் நிரப்பினால் பலம் போய்விடும். கிரைண்டரும் துளைக்கும் இயந்திரமும் மட்டும் இருப்பவருக்குத் தகடே நல்லது. இப்போது கணினியில் வரைந்து அனுப்பினால் லேசரில் வெட்டித் தபாலில் அனுப்பும் கடைகளும் இருக்கின்றன. துளைகள் துல்லியமாக வரும் என்பதற்காகவே எஞ்சின் பக்கத்துத் தகடுகளை நான் அப்படி வாங்கினேன். மற்றதையெல்லாம் கையால் வெட்டினேன்.

நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன், இரண்டும் ஒரு வாரத்தைத் தின்றன. வெறும் பிளாக்கை வைத்து, ரப்பர் புஷ்ஷைப் போட்டு அளவெடுத்தேன். சிலிண்டர் ஹெட், மேனிஃபோல்ட், ஆல்டர்னேட்டர் எல்லாம் பூட்டிய பிறகு ரப்பர் அமுங்கி எஞ்சின் 5 மி.மீ. இறங்கியது, சம்ப் கிராஸ் மெம்பரைத் தொட்டது. முழு எடையோடு அளவெடுக்க வேண்டும், அல்லது அந்த அமுக்கத்துக்கு முன்கூட்டியே இடம் விட வேண்டும். இரண்டாவது தவறு, பிராக்கெட்டை வண்டியில் இருந்தபடியே ஒரே மூச்சில் முழு வெல்டும் அடித்தது. ஆறியதும் இரும்பு இழுத்துக்கொண்டது, கழற்றிய போல்ட் திரும்ப நுழையவில்லை. நாலு இடத்தில் டாக் வெல்டு, பிறகு கழற்றி மேசையில் ஒரு கனத்த தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கி, இடம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக வெல்டு என்பதுதான் முறை. வண்டியில் டாக் அடிக்கும்போது பேட்டரி வயரையும் கணினியின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

சேசிஸ் பக்கத்தில் இன்னொரு எச்சரிக்கை. சேசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக வெல்டு போகக் கூடாது. வளைவு விசை அதிகம் படும் இடம் அது, வெல்டின் ஓரம் விரிசலுக்கு வாசலாகும். பக்கச் சுவரில் ஒரு பெரிய தகட்டை வைத்து, அதன் முனைகளைச் சாய்வாக வெட்டிச் சுற்றிப் பற்றவைத்து, பிராக்கெட்டை அந்தத் தகட்டில் நிறுத்துங்கள். வெல்டிங்கில் கை பழகாதவர் கடைசி வெல்டை மட்டுமாவது தொழில் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். இடம் கண்டுபிடிக்கும் மூளை வேலையெல்லாம் நாம் செய்துவிட்ட பிறகு அது ஒரு மணி நேர வேலை.

இந்த மூன்றுக்கும் நடுவே நான்காவதாக ஒன்று இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. புஷ் கூடும் பிளாக் தகடும் தயாராக, நடுவில் இருக்கும் குழாயை மட்டும் நம் அளவுக்கு வெட்டிப் பற்றவைக்கும்படி விற்கும் பொதுவான கிட். துல்லியம் தேவைப்படும் துளைகளை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், நம் வண்டிக்கே உரிய நீளத்தையும் கோணத்தையும் நாம் பார்த்துக்கொள்கிறோம். யாரும் கிட் செய்யாத வண்டியை வைத்திருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். என் வேலையைத் திரும்பச் செய்தால் நானும் இதைத்தான் வாங்குவேன்.

புஷ் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: தெருவில் ஓட்டும் வண்டிக்கு ரப்பர். வி8 ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கிறது. 600 ஆர்பிஎம் ஐடிலில் அது வினாடிக்கு 40 துடிப்பு. மவுண்ட்மேல் எஞ்சின் ஆடும் இயல்பான வேகம் வினாடிக்கு 28-க்குக் கீழே இருந்தால்தான் அந்தத் துடிப்பு சேசிஸுக்குப் போகாமல் குறையும். மென்மையான ரப்பர் அதைச் செய்கிறது. பாலியூரித்தேன் கடினம், எண்ணெய் பட்டால் ஊறாது, எஞ்சின் குறைவாகப் புரளும், ஆனால் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி நடுங்கும். வெறும் இரும்பாலான மவுண்ட் பந்தய வண்டிக்கு. ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: முன்னால் ரப்பர் போட்டுவிட்டுக் கியர் பாக்ஸுக்கு மட்டும் கெட்டி மவுண்ட் போடாதீர்கள். எஞ்சின் புரள, பின்பக்கம் பிடித்துக்கொள்ள, கியர் பாக்ஸின் அலுமினியக் கூடு விரிசல் விடும். எதைப் போட்டாலும் எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் வயர் தனியாக வேண்டும். ரப்பர் வழியாக மின்சாரம் போகாது.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. மிச்சிகனில் வருடாந்திரப் புகைப் பரிசோதனை இல்லை. கலிஃபோர்னியாவில் மாற்றும் எஞ்சின் வண்டியின் வருடத்தையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்ததாக, அதன் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தோடும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படித்துவிட்டு ஸ்பானரை எடுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறான மாற்றத்தை அனுமதிக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி இல்லாமல் அங்கே எதையும் தொடங்காதீர்கள்.

அண்ணன் மகனுக்கு நான் சொன்னது நீள்துளை உள்ள அடாப்டர் பிளேட், ரப்பர் மவுண்ட், கமாரோ சம்ப். பழைய 4.3 மவுண்ட் இருக்கும் இடத்தில் எஞ்சின் ஃபயர்வாலுக்கு எவ்வளவு அருகே வருகிறது என்று அளந்து, இடம் போதவில்லை என்றால் மட்டும் அந்த நான்காவது வழி. தன் கையாலேயே எல்லாம் செய்ய வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் வெல்டை எஞ்சின் தொங்கும் இடத்தில் பழகக் கூடாது. எக்சாஸ்ட் குழாயைத் தாங்கும் கம்பியில் பழகலாம், பேட்டரித் தட்டில் பழகலாம்.

நேற்று இரவு படம் அனுப்பியிருந்தான். எஞ்சின் கிரேனில் தொங்குகிறது, அளவெல்லாம் சாக்பீஸில் சேசிஸ்மேல் எழுதியிருக்கிறான். ஸ்டியரிங் ஷாஃப்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அளந்திருக்கிறான். அதை முதலில் பூட்டிவிட்டு, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை திருப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.